போர்ட் திறந்தும் கமரா வெளியே தெரியவில்லை (பொகவந்தலாவை, 4ஜி ரவுட்டர், கையில் போன் மட்டும்)

மானாப்புல் · ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வேலை கொழும்பில், வீடு பொகவந்தலாவைப் பக்கம். வீட்டில் அம்மா மட்டும்தான். பின்னால் கொஞ்சம் மரக்கறித் தோட்டம் இருக்கிறது, லீக்ஸும் போஞ்சியும் கரட்டும். இரண்டு மாதமாகக் காட்டுப்பன்றி இறங்குகிறது. சத்தம் கேட்டால் அம்மா டோர்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகவே போய்விடுகிறார். கீழ் டிவிஷனில் சிறுத்தை நாயைக் கொண்டுபோனதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அதனால் என் பழைய ஆண்ட்ராய்ட் போனைக் குசினி ஜன்னலில் கட்டி, ஐபி வெப்கேம் செயலியைப் போட்டேன். வீட்டு வைஃபையில் 192.168.8.105, போர்ட் (அந்தச் சாதனத்தின் கதவு எண்) 8080 என்று அடித்தால் படம் நன்றாக வருகிறது. 4ஜி ரவுட்டரின் பக்கத்துக்குப் போய் 8080ஐ அந்தப் போனுக்கு ஃபார்வர்ட் செய்தேன், அதாவது வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு வருவதைப் போனுக்குத் தள்ளச் சொன்னேன். கொழும்புக்கு வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது.

கம்ப்யூட்டர் கிடையாது. என்னிடமும் போன், அங்கேயும் போன். சித்தப்பா மகன் உயர்தரம் படிக்கிறான், சொன்னால் போய்ச் செய்து தருவான். எங்கே பிழை விட்டேன்?

ரொட்டியும்_சம்பலும் · ஞாயிறு இரவு 9.58

ரவுட்டரில் டிஎம்இசட் என்று ஒன்று இருக்கும். அதில் போனின் ஐபியைப் போட்டுவிடுங்கள், எல்லா போர்ட்டும் திறந்துவிடும். எனக்கு அப்படித்தான் சரிவந்தது.

கவ்வாத்து_கத்தி · ஞாயிறு இரவு 10.20

டிஎம்இசட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

மானாப்புல், தம்பியை ரவுட்டர் பக்கத்தைத் திறந்து 'வான் ஐபி' என்று இருக்கும் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள் (வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கொம்பனி உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி அது). அப்புறம் அதே வைஃபையில் இருந்துகொண்டே, என் ஐபி என்ன என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து அங்கே வரும் எண்ணையும் பார்க்கட்டும். இரண்டும் ஒன்றா, வேறா? முழு எண்ணை இங்கே போடவேண்டாம், முதல் இரண்டு பகுதி போதும்.

இன்னொன்று. வட்டம் சுற்றி நிற்கிறது என்றீர்கள். உடனே 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்ததா, அரை நிமிடம் காத்திருந்து நேரம் முடிந்ததா? இரண்டுக்கும் அர்த்தம் வேறு. மறுத்தால், எங்கோ ஒரு கதவுவரை போயிருக்கிறீர்கள், உள்ளே ஆள் இல்லை. நேரம் முடிந்தால், பெரும்பாலும் கதவே அகப்படவில்லை.

மானாப்புல் · திங்கள் காலை 7.15

ரவுட்டரில் 100.87 என்று தொடங்குகிறது. தளத்தில் முதல் எண்ணே வேறு. மறுக்கவில்லை, காத்திருந்து நேரம்தான் முடிந்தது.

கவ்வாத்து_கத்தி · திங்கள் காலை 7.50

நினைத்தேன். உங்கள் ஃபார்வர்டிங்கில் பிழையே இல்லை. அது வேலை செய்ய வேண்டிய இடம் உங்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலக மத்திய இருப்பு 2011 பெப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணைய கொம்பனிகள் ஒரு பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை வைக்கின்றன. 100.64 முதல் 100.127 வரையான எண்களை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். உங்கள் 100.87 அதற்குள்தான் விழுகிறது. சில கொம்பனிகள் 10இல் தொடங்கும் எண்ணைக் கொடுக்கும், விஷயம் ஒன்றுதான்.

நம் ஆட்களுக்கு இதை விளக்கப் படம் வரையத் தேவையில்லை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், தனி விலாசம் ஏது? பெயர், டிவிஷன், தோட்டம், ஊர். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து எப்போதாவது கைக்கு வரும். நீங்கள் உங்கள் லயக்காம்பராக் கதவில் 8080 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். தபால்காரர் ஆபீசைத் தாண்டி வந்தால்தானே அதைப் பார்ப்பார்? கொழும்பிலிருந்து நீங்கள் போடும் கடிதம் ஆபீஸ்வரை வருகிறது. யாருக்கு என்று அங்கே எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. குப்பைக்குப் போகிறது. அந்தப் புத்தகத்தில் ஒரு வரி எழுத உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

டிஎம்இசட் போட்டாலும் இதே கதைதான். லயத்துக் கதவை முழுக்கக் கழற்றி வைத்தாலும் ஆபீஸ் கேட் பூட்டித்தானே இருக்கிறது.

கொட்டகலை_டீச்சர் · திங்கள் மாலை 4.05

கடிதக் கதை நெஞ்சில் பட்டது. என் முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து ஐந்து நாள் கழித்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அப்பாவின் கையில் கொடுக்கப்பட்டது. அடுத்த வருடம்தான் வேலை கிடைத்தது. சரி, அது வேறு இழை.

ஒரு சந்தேகம். வெளியிலிருந்து எதுவுமே உள்ளே வராது என்றால், அதே 4ஜியில் வட்ஸ்அப் வீடியோ கோல் எப்படி வருகிறது? அம்மாவோடு தினமும் முகம் பார்த்துத்தானே பேசுகிறோம்?

கவ்வாத்து_கத்தி · திங்கள் மாலை 5.30

நல்ல கேள்வி டீச்சர். நீங்கள் முதலில் கடிதம் எழுதினால், அதற்கு வரும் பதிலை ஆபீஸ் ஒழுங்காகக் கொண்டுவந்து தரும். அனுப்பியவர் பெயர் அன்றைய புத்தகத்தில் இருக்கிறதல்லவா. கோல் செயலி எப்போதும் தன் சேர்வருக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. கோல் வந்தால் அந்தப் பதில் வழியாகத்தான் செய்தி வருகிறது. பிறகு இரண்டு போனும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று எழுதத் தொடங்கும். இரண்டு ஆபீசும் அதைப் 'பதில்' என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். அது முடியாவிட்டால் நடுவில் இருக்கும் ஒரு சேர்வர் ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கும்.

மானாப்புல்லுக்கும் இதுதான் வழி. வெளியிலிருந்து கதவைத் தட்டாமல், உள்ளிருந்து கையை நீட்ட வேண்டும். டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலியை (இணையத்தின் வழியே உங்கள் சாதனங்களை மட்டும் சேர்க்கும் தனிப் பாதை) இரண்டு போனிலும் போட்டு ஒரே கணக்கில் நுழையுங்கள். தனிப்பட்ட பாவனைக்குக் காசு இல்லை. ஜன்னல் போனுக்கு அது ஒரு முகவரி கொடுக்கும், கொழும்பிலிருந்து அந்த முகவரியில் 8080. ரவுட்டரில் போட்ட ஃபார்வர்டிங்கை அழித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரியும் அதே 100.64 தொகுதியில்தான் இருக்கும். ரவுட்டரில் கண்ட 100.87 அல்ல அது. இதில் குழம்பி இரண்டு நாள் போனவன் நான்.

ஹட்டன்_போன்_கடை · திங்கள் இரவு 8.45

கடைக்கு வாரத்துக்கு இரண்டு பேராவது இதே பிரச்சினையோடு வருகிறார்கள். ரவுட்டர் பழுது என்று புது ரவுட்டர் கேட்பார்கள். விற்றால் எனக்கு லாபம்தான், ஆனால் ஒரு வாரத்தில் திரும்ப வந்து கத்துவார்கள். அதனால் முதலில் அந்த இரண்டு எண்ணைத்தான் பார்க்கிறேன்.

பொது ஐபி வேண்டும் என்று கொம்பனியிடமே கேட்கலாம். சில பக்கேஜில் மாதக் கட்டணத்துக்குத் தருவார்கள், சிலதில் கேட்டாலும் கிடைக்காது. ஒரு கமராவுக்கு அந்தச் செலவு வீண் என்பது என் கருத்து.

நான் சொல்ல வந்தது சிக்னல் பற்றி. எல்லோரும் ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோடைத்தான் பார்க்கிறார்கள். கமராவுக்குத் தேவை அப்லோட். மலைக்கு அந்தப் பக்கம் டவர் இருந்தால் டவுன்லோட் 15 வரும், அப்லோட் 0.4. கட்டைகளை எண்ணாதீர்கள், சிக்னல் செயலியில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள், சிக்னலின் பலம் அதுதான். −85 என்றால் நல்லது. −110க்குக் கீழே போனால் ரவுட்டரை இடம் மாற்றிப் பார்க்கவேண்டும். தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். எங்கள் மாமா வீட்டில் சாமித் தட்டிலிருந்து ஜன்னலுக்கு மாற்றியதில் −113 இருந்தது −98 ஆனது.

பிங் செயலியில் (சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) நூறு தடவை அடித்து, எத்தனை தொலைகிறது என்று பகலிலும் இரவு எட்டு மணிக்கும் எழுதி வைத்தால் போதும். பாதி நோய் அதிலேயே தெரியும்.

ஊவாக்காற்று · செவ்வாய் காலை 6.30

அப்புத்தளையிலிருந்து. எனக்கு ஃபைபர், உண்மையான பொது ஐபி. போர்ட் ஃபார்வர்டிங் முதல் தடவையிலேயே வேலை செய்தது. அதுதான் வினையாகவும் போனது.

மூன்று வருடத்துக்கு முன் கடைக்கு மலிவான சிசிரிவி டிவிஆர் (கமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி) ஒன்று வாங்கினேன். பொருத்தியவர் 80, 554, 23 என்று கண்ட போர்ட்டை எல்லாம் திறந்து, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் மாத டேட்டா பாதியிலேயே முடிந்தது. பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள் என்று திட்டினேன், பாவம். கடைசியில் போனில் ஃபிங் (வைஃபையில் இருக்கும் சாதனங்களைக் காட்டும் செயலி) போட்டு ஒவ்வொரு சாதனமாகக் கழற்றிப் பார்த்தபோது, டிவிஆரின் வயரைக் கழற்றியதும் நெட் வேகமெடுத்துப் பறந்தது. இரவும் பகலும் அது வெளியே எதையோ அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

2016இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்க இதைத்தான் செய்தது. பெட்டியோடு வரும் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் அறுபது சொச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கமராக்களையும் டிவிஆர்களையும் 23ஆம் போர்ட் வழியாகத் தட்டிப் பார்த்துப் பிடித்தது. அந்த வருடம் ஒக்டோபரில் டைன் என்ற கொம்பனியைத் தாக்கியபோது ட்விட்டர் போன்ற பெரிய தளங்களே பல மணி நேரம் திறக்கவில்லை. எடுத்த எடுப்பில் டிஎம்இசட் போடச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

ரொட்டியும்_சம்பலும் · செவ்வாய் காலை 8.10

என் கமரா பார்ப்பது கோழிக்கூட்டை. எவன் வந்து என்ன பார்க்கப்போகிறான்? பார்க்கட்டும்.

ஊவாக்காற்று · செவ்வாய் காலை 8.25

கோழியைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் அண்ணே. அவர்களுக்கு வேண்டியது உங்கள் கமராவுக்குள் இருக்கிற சின்னக் கம்ப்யூட்டரும் உங்கள் நெட்டும்.

ரொட்டியும்_சம்பலும் · செவ்வாய் பகல் 12.40

சரி, டிஎம்இசட்டை எடுத்துவிட்டேன். பாஸ்வேர்ட் இன்னும் அட்மின்தான் என்று இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதையும் மாற்றுகிறேன்.

மானாப்புல் · செவ்வாய் இரவு 10.05

வந்துவிட்டது! கொழும்பில் பஸ்ஸில் இருந்தபடியே எங்கள் போஞ்சிக் கொடியைப் பார்த்தேன். அம்மா ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். சத்தம் வரவில்லை, வாயசைவில் புரிந்தது.

ஆனால் இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது. தம்பி போய்ப் போனைத் தொட்டதும் மறுபடி வந்தது. அப்புறம் திரும்ப நின்றது. இரண்டாவது, டேட்டா. ஒரு மணி நேரம்கூடப் பார்க்கவில்லை, 1 ஜிபிக்கு மேல் போயிருக்கிறது.

கவ்வாத்து_கத்தி · செவ்வாய் இரவு 10.40

நிற்பதற்குக் காரணம் ஆண்ட்ராய்டின் பற்றரி சிக்கனம். திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் பின்னணிச் செயலிகளைத் தூங்கவைத்துவிடும். செட்டிங்ஸில் டெயில்ஸ்கேல், ஐபி வெப்கேம் இரண்டுக்கும் பற்றரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். விபிஎன் பகுதியில் 'எப்போதும் இயக்கத்தில்' என்பதைப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும், அதனால் தம்பி வேறு ஏதாவது இலவச விபிஎன் போட்டு வைத்திருந்தால் கழற்றச் சொல்லுங்கள். அந்த வயதில் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

டேட்டா கணக்கு எளிது. அந்தச் செயலி உலாவிக்கு அனுப்புவது தனித்தனிப் படங்களின் வரிசை. ஒரு படம் 40 கிலோபைட், விநாடிக்கு 10 என்றால் விநாடிக்கு 400. மணிக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி. விநாடிக்கு 2 படமாகக் குறையுங்கள், பன்றி ஒன்றும் ஓட்டப் பந்தயத்துக்கு வரவில்லை. அதே செயலியில் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் எச்.264 ஸ்ட்ரீமும் உண்டு. அதை 500 கிலோபிட்டில் வைத்தால் மணிக்கு சுமார் 225 எம்பிதான். பார்க்கும்போது மட்டும்தான் செலவு என்பதையும் நினைவில் வையுங்கள். பயந்து எப்போதும் அணைத்து வைக்கத் தேவையில்லை.

பெயரும் பாஸ்வேர்டும் அந்தச் செயலிக்குள்ளேயே போடலாம். போட்டுவிடுங்கள்.

ஹட்டன்_போன்_கடை · புதன் காலை 9.20

இரவு பகலாக சார்ஜரில் கிடக்கும் பழைய போனின் பற்றரி வீங்கும். முதுகு மூடி தூக்கிக்கொண்டு நிற்கும் போன்கள் என் மேசையில் இப்போது நான்கு இருக்கின்றன. 80 அல்லது 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி போனில் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் டைமர் பிளக் ஒன்று வாங்கி, நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் மட்டும் கரண்ட் போகும்படி வையுங்கள். திரைச்சீலைக்குப் பக்கத்தில் கட்டவே வேண்டாம். அம்மா தனியாக இருக்கிற வீடு.

பனிமூட்டம் · புதன் இரவு 7.30

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும், கிட்டத்தட்ட இதே பிரச்சினை. நானுஓயாவில் சின்னக் கடை, 4ஜி. என்னிடம் இருப்பது உண்மையான கமரா, 192.168.1.20, போர்ட் 554. அதில் எந்தச் செயலியும் போட முடியாது. அப்போது இந்த உள்ளிருந்து கை நீட்டும் வேலையை யார் செய்வது?

கவ்வாத்து_கத்தி · புதன் இரவு 8.50

கடையில் சும்மா கிடக்கிற ஒரு ஆண்ட்ராய்ட் போன் செய்யும். இந்த இழையில் எனக்குப் பிடித்த வேலை இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அந்தப் போனைக் கடை வைஃபையில் இணைத்து டெயில்ஸ்கேலைப் போடுங்கள். அதோடு போர்ட் ஃபார்வர்டிங் செய்யும் செயலி ஒன்றும் வேண்டும், பிளே ஸ்டோரில் தேடினால் சில கிடைக்கும். தேவையில்லாத அனுமதி கேட்பதை விட்டுவிடுங்கள். விதி ஒன்று எழுதவேண்டும்: போனின் 8554க்கு எது வந்தாலும் 192.168.1.20இன் 554க்குத் தள்ளு. நீங்கள் வெளியிலிருந்து போனின் டெயில்ஸ்கேல் முகவரியில் 8554ஐக் கேட்பீர்கள், போன் கமராவிடம் கேட்டு வாங்கித் தரும். முன்பு ரவுட்டர் செய்யவேண்டிய வேலையை இப்போது போன் செய்கிறது.

ஏன் 554ஐயே போனில் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். 1024க்குக் கீழான போர்ட்டை, ரூட் செய்யாத (முழு அதிகாரம் திறக்காத) ஆண்ட்ராய்ட் சாதாரணச் செயலிக்குத் திறக்க விடாது. அதனால்தான் டெர்மக்ஸில் (போனில் லினக்ஸ் கட்டளை அடிக்கும் செயலி), தூரத்திலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேர்வரும் 22ஐ விட்டு 8022இல் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த பொறி: விஎல்சி வீடியோ செயலியில் பார்த்தால் முதலில் கறுப்புத் திரை வரலாம். கமரா படத்தை யுடிபி என்ற முறையில் வேறு போர்ட் வழியாக அனுப்பப் பார்க்கும், நம் விதி 8554 ஒன்றுக்குத்தான். விஎல்சி செட்டிங்ஸில் ஆர்டிஎஸ்பியை (கமரா வீடியோ அனுப்பும் முறை) டிசிபி வழியாக எடு என்பதைப் போட்டால் எல்லாம் ஒரே குழாயில் வரும்.

கமராவின் 192.168.1.20 மாறாமல் இருக்க ரவுட்டரில் அதை ஒதுக்கி வையுங்கள். போனுக்கும் ஒதுக்க நினைத்தால் ஒன்று: புது ஆண்ட்ராய்ட் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் எண்ணை (சாதனத்தை ரவுட்டர் அடையாளம் காணும் எண்) காட்டும். 'போனைப் பற்றி' பக்கத்தில் இருக்கும் எண்ணை ரவுட்டரில் எழுதினால் பொருந்தாது. அந்த வைஃபையின் தனியுரிமை அமைப்பில் சொந்த மேக் எண்ணைப் பாவிக்கச் சொல்லுங்கள்.

பனிமூட்டம் · வியாழன் இரவு 9.15

கறுப்புத் திரை, அப்படியே நீங்கள் சொன்னமாதிரி. டிசிபி போட்டதும் கடை தெரிந்தது. பூனை ஒன்று சீனி மூட்டையில் படுத்திருக்கிறது. நன்றி அண்ணா.

போர்டிங்_பையன் · வியாழன் இரவு 11.00

இந்த இழையைப் பார்த்துப் போர்டிங் வைஃபையில் ஃபிங் போட்டேன். பதினான்கு சாதனம் தெரிகிறது. ஒன்றில் 80 திறந்திருக்கிறது. பாஸ்வேர்ட் அடித்துப் பார்க்கலாமா, சும்மா ஒரு ஆசை?

கொட்டகலை_டீச்சர் · வெள்ளி காலை 6.10

கூடாது மகன். பக்கத்துக் காம்பராக் கதவு சாத்தாமல் இருக்கிறது என்று உள்ளே போவீர்களா? 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், ஆசைக்கு நுழைந்தேன் என்பது பதிலாகாது. ஆசையாக இருந்தால் உங்கள் சொந்தப் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, உங்கள் பழைய போனையே தட்டிப் பழகுங்கள்.

போர்டிங்_பையன் · வெள்ளி காலை 6.45

சரி டீச்சர்.

மானாப்புல் · ஞாயிறு இரவு 9.30

ஒரு வார அறிக்கை. பற்றரிக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு நான்கு நாளாக நிற்கவில்லை. ரவுட்டரை ஜன்னலுக்கு மாற்றினோம், −108இலிருந்து −97. டைமர் பிளக்கும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் ஒன்றை நாம் யாருமே யோசிக்கவில்லை. போன் கமராவுக்கு இரவில் கண் தெரியாது. ஏழு மணிக்குப் பிறகு திரை முழுக்கக் கறுப்பு, பனி இறங்கினால் வெள்ளை. வெள்ளிக்கிழமை இரவு இரண்டரைக்கு ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. பன்றிதான் எதையோ தட்டிவிட்டது என்று பதறிப்போனேன். அம்மாவின் டோர்ச். உடனே போன் போட்டு உள்ளே போகச் சொன்னேன். "நீ தூங்காம என்னத்த பாத்துக்கிட்டு இருக்க" என்று எனக்குத்தான் ஏச்சு.

ஹட்டன்_போன்_கடை · ஞாயிறு இரவு 9.50

ஆள் அசைந்தால் எரியும் சென்சர் பல்ப் ஒன்று போஞ்சிப் பந்தலுக்கு மேலே போடுங்கள். கமராவுக்கு அது போதும்.

மானாப்புல் · ஞாயிறு இரவு 10.25

அம்மாவிடம் சொன்னேன். லைட் எரிந்தால் பன்றி ஓடிவிடும், பிறகு கமரா எதற்கு என்று கேட்கிறார். பதில் தெரிந்தவர்கள் சொல்லவும்.